சர்க்கரை நோயும் மறதியும்: குர்குமின், வல்லாரை, நெல்லி பற்றி நோயாளியிடம் எந்த அளவைச் சொல்வது?

கிளினிக்_உணவியல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் சர்க்கரை நோய் கிளினிக்கில் 60 வயதைத் தாண்டியவர்களுக்காக ஒரு பக்கத் தாள் தயாரிக்கிறேன். மூளை நலத்துக்குத் தாவர உணவுகள் எவ்வளவு உதவும் என்பதுதான் பொருள். வருகிறவர்களில் பலர் மஞ்சளிலிருந்து எடுக்கும் குர்குமின் மாத்திரை, வல்லாரைப் பொடி, நெல்லிச் சாறு, கிரீன் டீ என்று ஏதாவது ஒன்றைத் தாங்களே தொடங்கிவிடுகிறார்கள். மருத்துவரிடம் அதைச் சொல்வதில்லை.

இவர்களுடைய மருந்துச் சீட்டு பெரும்பாலும் இப்படி இருக்கும்: சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 1000 மி.கி. இரண்டு வேளை, கிளிமிபிரைடு 2 மி.கி., கொழுப்புக்கு அட்டார்வாஸ்டாட்டின் ஒன்று. இதய நோய் உள்ளவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் அல்லது குளோபிடோகிரெல். கால் எரிச்சலுக்கு இரவில் ஒரு மாத்திரை.

எனக்குத் தெளிவு வேண்டியவை மூன்று. சர்க்கரை மூளையை எப்படிக் கெடுக்கிறது, ஆன்டிஆக்சிடன்ட் (ஆக்சிஜனால் செல் கெடுவதைத் தடுக்கும் பொருள்) அதில் எங்கே வருகிறது என்பதைப் பொய் கலக்காமல் எளிமையாக எப்படி எழுதுவது? மனிதர்களிடம் நடந்த சோதனைகள் என்ன காட்டின? சமையலறை அளவில் எதை எவ்வளவு சொல்லலாம், எந்த மருந்தோடு எது சேரக்கூடாது? "அளவோடு சாப்பிடலாம்" என்ற பதில் வேண்டாம். கிராம் கணக்கில் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

மருந்தியல்_ஆய்வாளர்

முதல் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். "ஆன்டிஆக்சிடன்ட் மூளையில் சேர்ந்த கழிவைத் துடைத்துவிடும்" என்று மட்டும் தாளில் எழுதிவிடாதீர்கள் மேடம். பாக்கெட்டுகளில் அப்படித்தான் அச்சடிக்கிறார்கள், ஆனால் அது தவறு.

மூளை நம் உடல் எடையில் 2 சதவீதம்தான். நாம் இழுக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 சதவீதம் அதற்குப் போகிறது. நரம்புச் செல்லின் சவ்வில் இருப்பதோ ஆக்சிஜன் பட்டு எளிதில் கெடும் வகைக் கொழுப்பு. ரத்தத்தில் சர்க்கரை ஏறியே கிடந்தால், ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்ற நொதி மிஞ்சிய குளுக்கோஸைச் சார்பிட்டாலாக மாற்றத் தொடங்குகிறது. அதற்கு என்ஏடிபிஎச் என்ற துணைப் பொருள் செலவாகிறது. செல்லின் சொந்தக் காவலான குளுட்டாதயோனைப் புதுப்பிக்கவும் அதே என்ஏடிபிஎச்தான் வேண்டும். ஒரே சம்பளத்தில் இரண்டு கடனை அடைக்கிற வீட்டு நிலைமை அது. சர்க்கரை முதலில் வந்து வாங்கிக்கொண்டு போய்விடும், குளுட்டாதயோனுக்கு மிச்சம் இருக்காது. இதோடு செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவில் சூப்பராக்சைடு என்ற கெடுதல் செய்யும் ஆக்சிஜன் வகை பெருகுவது, புரதங்களில் சர்க்கரை ஒட்டிக்கொள்வது, சிறு ரத்தக் குழாய்கள் தடிப்பது எல்லாம் சேர்கின்றன. நோயாளியிடம் சொல்ல இரண்டு வரி போதும்: சர்க்கரை கூடினால் மூளைச் செல்லின் காவல் குறைகிறது, ரத்தக் குழாய் கெடுகிறது.

தாவரப் பொருள் எங்கே வருகிறது? மூளைச் செல்லில் குளுட்டாதயோன் மில்லிமோலார் அளவில் இருக்கிறது. நாம் சாப்பிடும் பாலிஃபீனால் (குர்குமின் போன்ற தாவரப் பொருள்) குடலையும் கல்லீரலையும் கடந்து ரத்தத்துக்கு வரும்போது நானோமோலார் அளவுக்கு இறங்கிவிடும், மிஞ்சிப்போனால் சில மைக்ரோமோலார். ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். அது நேரடியாகப் போய் எதையும் துடைக்க வழியில்லை. செல்லுக்குள் கீப்1 என்ற புரதம் என்ஆர்எஃப்2 என்ற இன்னொன்றைப் பிடித்து வைத்திருக்கிறது. குர்குமின், பிரக்கோலி வகைக் காய்களில் உள்ள சல்ஃபோராஃபேன் போன்றவை கீப்1-ஐ லேசாகச் சீண்டுகின்றன. பிடி தளர்கிறது, என்ஆர்எஃப்2 உட்கருவுக்குள் போய் செல்லின் சொந்தக் காவல் நொதிகளைக் கூடுதலாகத் தயாரிக்க வைக்கிறது. சோதனைக் கூடத்தில் நன்றாக நிறுவப்பட்ட வழி இதுதான். இதற்கு மூட்டை மூட்டையாகப் பொருள் தேவையில்லை. கூட்டிக் கொடுத்தால் பலன் கூடும் என்றும் இல்லை.

ஆன்டிஆக்சிடன்ட் திறன் என்று டப்பாவில் போடும் "ஓராக் மதிப்பு" என்ற எண்ணையும் நம்ப வேண்டாம். அது சோதனைக் குழாயில் அளந்த வேகம். உடலில் நடப்பதோடு ஒட்டவில்லை என்று அமெரிக்க வேளாண் துறையே 2012-இல் தன் ஓராக் பட்டியலை நீக்கிவிட்டது.

எலி ஆய்வுகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசி போட்டுக் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லை அழித்து எலிக்குச் சர்க்கரையை வரவழைப்பார்கள். அது முதல் வகைச் சர்க்கரை நோய்க்குத்தான் நெருக்கம். உங்களிடம் வருபவர்களின் நோய் வேறு. பல ஆய்வுகளில் மூலிகையை ஊசி போட்ட சில நாட்களிலேயே தொடங்கிவிடுவார்கள், உங்கள் நோயாளியோ 15 ஆண்டு கழித்துத் தொடங்குகிறார். அப்புறம் நீர்ப்புதிர்ச் சோதனை. தொட்டியில் கலங்கிய நீருக்கடியில் மறைந்திருக்கும் மேடையை எலி எத்தனை விநாடியில் கண்டுபிடிக்கிறது என்று பார்ப்பார்கள். சர்க்கரை ஏறிய எலி மெலிந்து, தசை கரைந்து, மெதுவாக நீந்தும். மேடையை மறந்து தாமதிக்கிறதா, நீந்த முடியாமல் தாமதிக்கிறதா? நீந்திய வேகத்தையும் தூரத்தையும் தனியாகக் கொடுக்காத ஆய்வில் "ஞாபகம் கூடியது" என்ற முடிவை நான் ஏற்பதில்லை.

அளவுக் கணக்கும் முக்கியம். எலிக்குக் குர்குமின் கிலோவுக்கு 200 மி.கி. என்றால், உடல் பரப்பை வைத்து மனிதனுக்கு மாற்ற 6.2-ஆல் வகுக்க வேண்டும். கிலோவுக்கு 32 மி.கி., 60 கிலோ ஆளுக்குச் சுமார் 1.9 கிராம் சுத்தமான குர்குமின். மஞ்சள் தூளில் குர்குமின் 3 சதவீதம் என்று வைத்தால், நாளைக்கு 64 கிராம் மஞ்சள் தூள் சாப்பிட வேண்டும்! ரசத்தில் போடும் அரை டீஸ்பூனில் கிடைப்பது ஏறக்குறைய 45 மி.கி. ரசத்தில் மஞ்சள் போடுவது நல்லதுதான், ஆனால் எலி ஆய்வை அதற்குச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

---

நீரிழிவு_மருத்துவர்

மனிதச் சோதனைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஜின்கோ (ஒரு மரத்தின் இலைச் சாறு): 2008-இல் வெளிவந்த அமெரிக்கச் சோதனையில் 75 வயதைத் தாண்டிய 3,069 பேர், தினம் 240 மி.கி., சராசரியாக ஆறு ஆண்டு. ஜின்கோ எடுத்தவர்களில் 277 பேருக்கு டிமென்ஷியா (மறதி நோய்) வந்தது, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 246 பேருக்கு. தடுக்கவில்லை. இந்தக் கேள்வி முடிந்துபோன கேள்வி.

கோகோ சாறு: 2022-இல் வந்த சோதனையில் 2,262 பேர், மூன்று ஆண்டு, தினம் 500 மி.கி. ஃபிளாவனால். சிந்தனைத் திறனில் பலன் இல்லை.

ரெஸ்வெராட்ரால் (திராட்சைத் தோலில் உள்ள பொருள்): அல்சைமர் உள்ள 119 பேருக்கு 52 வாரம் கொடுத்தார்கள். மூளையின் கன அளவு மருந்து எடுத்தவர்களிடம் கூடுதலாகக் குறைந்தது. அதற்கு என்ன பொருள் என்பதில் விவாதம் உண்டு. வாங்கிச் சாப்பிடச் சொல்ல அதில் ஒன்றுமில்லை.

குர்குமின்: அல்சைமர் வந்துவிட்ட 36 பேரிடம் 24 வாரம், தினம் 4 கிராம் வரை கொடுத்தும் பலன் தெரியவில்லை, ரத்தத்திலேயே மிகக் குறைவாகத்தான் சேர்ந்திருந்தது. டிமென்ஷியா இல்லாத 40 பேரிடம், நன்கு உறிஞ்சும்படி தயாரித்த வகையை 90 மி.கி. வீதம் இரு வேளை 18 மாதம் கொடுத்தபோது ஞாபகத் தேர்வில் முன்னேற்றம் தெரிந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் 40 பேர் மட்டும். கடையில் கிடைக்கும் எல்லா குர்குமினுக்கும் அது பொருந்தாது.

முழு உணவு என்று பார்த்தால் படம் கொஞ்சம் மாறுகிறது. ஸ்பெயினின் ப்ரெடிமெட் சோதனையில் பார்சிலோனா பகுதியினர் 447 பேரின் சிந்தனைத் திறனைத் தனியாக அளந்தார்கள். அவர்களில் கணிசமானவர்கள் சர்க்கரை நோயாளிகள். தினம் 30 கிராம் பருப்புக் கொட்டைகளோ தாராளமான ஆலிவ் எண்ணெயோ சேர்த்த மத்தியதரைக்கடல் உணவு, கொழுப்பைக் குறைத்த உணவைவிட நன்றாக நின்றது. மூளை நலத்துக்கென்றே வகுத்த மைண்ட் என்ற உணவு முறையைப் பற்றி 2023-இல் வந்த சோதனையில் 604 பேர், மூன்று ஆண்டு. இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. அதில் ஒப்பிடுவதற்கான குழுவும் கலோரியைக் குறைத்திருந்தது. ஆகவே "நிரூபிக்கப்பட்டது" என்ற சொல்லைத் தாளில் எங்கும் போடாதீர்கள். "உதவக்கூடும்" என்று எழுதுங்கள்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. சர்க்கரை நோயாளிக்கு மறதி என்றால் மூலிகைக்கு முன்னால் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. அவை சரிசெய்யக்கூடியவை. இவற்றைத் தாளின் முதல் பத்தியில் போடுங்கள்.

பி12. மெட்ஃபார்மின் பல ஆண்டுகளாக எடுப்பவர்களுக்குக் குறையும், சைவ உணவுக்காரர்களுக்கு இன்னும் சீக்கிரம். ஒரு மி.லி.யில் 200 பிகோகிராமுக்குக் கீழே குறைபாடு, 200 முதல் 300 வரை சந்தேக எல்லை. கால் எரிச்சலுக்கான கூட்டு மாத்திரைகள் பலவற்றில் பி12-இன் ஒரு வடிவமான மெத்தில்கோபாலமின் இருக்கிறது. அதைச் சாப்பிட்டுக்கொண்டே சோதித்தால் எண் உயர்ந்து காட்டும். முதலில் மருந்துச் சீட்டைப் பாருங்கள், பிறகு சோதனை.

தாழ்சர்க்கரை. 2009-இல் வெளியான வட கலிஃபோர்னியா ஆய்வில் இரண்டாம் வகை நோயாளிகள் 16,667 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். மருத்துவமனைக்குப் போகும் அளவுக்குச் சர்க்கரை மூன்று முறையோ அதற்கு மேலோ இறங்கியவர்களுக்கு டிமென்ஷியா ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. மறுபுறம் அக்கார்ட்-மைண்ட் சோதனையில், சர்க்கரையை மிகக் கடுமையாக இறக்கியதால் 40 மாதத்தில் சிந்தனைத் திறன் கூடவில்லை. மறதி தொடங்கிவிட்ட முதியவருக்கு எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 8-க்குக் கீழ் இருந்தால் போதும் என்று நாங்கள் இலக்கைத் தளர்த்துவது இதனால்தான். ராத்திரி சாப்பிடாமல் கிளிமிபிரைடு மட்டும் விழுங்கிவிட்டுப் படுக்கிறாரா என்று வீட்டாரைக் கேளுங்கள்.

அந்த இரவு மாத்திரை. கால் எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின் 10 அல்லது 25 மி.கி. எழுதுவது வழக்கம். முதியவர்களுக்கு அதுவே குழப்பத்தையும் மறதியையும் கொண்டுவரும். வல்லாரை வாங்குவதற்கு முன்னால் மருத்துவரிடம் "இதை மாற்றலாமா" என்று கேட்கச் சொல்லுங்கள். தானாக நிறுத்தக்கூடாது.

தைராய்டு, ரத்த அழுத்தம், குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவது, காது கேளாமை: இவையும் வரிசையில் உண்டு.

---

மருந்தாளுநர்_மதுரை

டாக்டர் சொன்னதோடு, எதை எதோடு சேர்க்கக்கூடாது என்பதை நான் தருகிறேன்.

குர்குமின் மாத்திரையில் பெரும்பாலும் மிளகின் பைப்பரின் சேர்த்திருப்பார்கள். பெங்களூருவில் நடந்த 1998 ஆய்வில் 2 கிராம் குர்குமினோடு 20 மி.கி. பைப்பரின் கொடுத்தபோது உறிஞ்சுதல் 2000 சதவீதம் கூடியது. டப்பாக்களில் வரும் "20 மடங்கு" என்பதன் மூலம் அதுதான். ஆனால் பைப்பரின் அதைச் சாதிப்பது கல்லீரலும் குடலும் அந்நியப் பொருளை வெளியேற்றும் வழியை மந்தப்படுத்தித்தான். குர்குமினுக்கு மட்டும் அது நடக்காது. வலிப்புக்கான ஃபெனிடாயின், ரத்த அழுத்தத்துக்கான புரொப்ரனலால், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் போன்றவையும் ரத்தத்தில் கூடும். வலிப்பு மாத்திரை எடுப்பவர் பைப்பரின் கலந்த எதையும் தொடக்கூடாது. சாம்பாரில் விழும் மிளகுக்கு இந்தப் பயம் வேண்டாம்.

ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு அடர் குர்குமின் ரத்தக் கசிவைக் கூட்டலாம். அறுவைச் சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்லிவிடுங்கள். வார்ஃபரின் எடுப்பவர் முருங்கைக் கீரை, வல்லாரை எதையும் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது, வைட்டமின் கே மாறும்.

கல்லீரல் விஷயத்தை யாரும் சொல்வதில்லை. இத்தாலியிலும் அமெரிக்காவிலும் மஞ்சள் சாறு மாத்திரைகளால் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது, பெரும்பாலும் உறிஞ்சுதலைக் கூட்டிய வகைகளில். எச்எல்ஏ-பி*35:01 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல். பசியின்மை, அடர் மஞ்சள் சிறுநீர், கண் மஞ்சள், அரிப்பு தெரிந்தால் அன்றே நிறுத்த வேண்டும். கிரீன் டீ மாத்திரைக்கும் இதே எச்சரிக்கை: அதிலுள்ள ஈஜிசிஜி என்ற பாலிஃபீனால் தினம் 800 மி.கி.யைத் தொட்டால் கல்லீரல் நொதிகள் உயர்வதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018-இல் சுட்டிக்காட்டியது. கோப்பையில் குடிக்கும் தேநீருக்கு அந்தப் பயம் இல்லை.

பாகற்காய்ச் சாறு, சிறுகுறிஞ்சான் பொடி இரண்டும் கிளிமிபிரைடோடு சேர்ந்தால் சர்க்கரை கூடுதலாக இறங்கலாம். மூளையைக் காக்கக் குடித்தது மூளைக்கே கேடாகும். 70-க்குக் கீழ் இறங்கினால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடத்தில் மறு சோதனை. இந்த வகை மாத்திரையால் இறங்கிய சர்க்கரை ஏறிவிட்டு மறுபடி இறங்கும். ஒரு நாளாவது கண்காணிக்க வேண்டும்.

ஆல்பா லிபோயிக் அமிலம் 600 மி.கி. நரம்பு எரிச்சலுக்கு எழுதப்படுகிறது. அரிதாக அதனால் உடல் இன்சுலினுக்கே எதிர்ப்பொருள் தயாரித்து, காரணமே தெரியாமல் சர்க்கரை தாழ்ந்துபோகும். மருந்து மாற்றம் ஏதுமில்லாமல் தாழ்சர்க்கரை திரும்பத் திரும்ப வந்தால் இதை நினைவில் வையுங்கள்.

சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கத் தோளில் சென்சார் ஒட்டியவர்களுக்கு ஒரு தனி வரி தேவை. சில வகைச் சென்சார்கள், தினம் 500 மி.கி.க்கு மேல் வைட்டமின் சி எடுத்தால் சர்க்கரையைக் கூடுதலாகக் காட்டும். அதை நம்பி இன்சுலினைக் கூட்டினால் உண்மையான சர்க்கரை தரையைத் தொடும். நெல்லிக்காய் ஒன்றிரண்டுக்குப் பிரச்சினை இல்லை. செறிவூட்டிய நெல்லிச் சாறும் 500 மி.கி. சப்பும் மாத்திரையும் சேரும்போதுதான் சிக்கல். சந்தேகம் வந்தால் விரலில் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

---

உணவுத்_தொழில்நுட்பம்

அளவுகளுக்கு வருகிறேன்.

மஞ்சள்: ஒருவருக்கு நாளைக்கு அரை டீஸ்பூன், அதாவது ஒன்றரை கிராம், எண்ணெய்த் தாளிப்போடு. குர்குமின் கொழுப்பில்தான் கரையும். வெறும் தண்ணீரில் கலக்கிக் குடித்தால் அடியில் படிந்து நிற்பதை நீங்களே பார்க்கலாம். சோடா உப்பு போட்டு வேகவைத்த பருப்பில் மஞ்சள் சேர்த்தால் நிறம் சிவக்கும். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு பட்டதும் சிவப்பதும் இதே வேதிமாற்றம்தான். காரத்தில் குர்குமின் நிமிடக் கணக்கில் சிதையத் தொடங்கிவிடும்.

அதைவிடப் பெரிய விஷயம் ஈயம். பளபளக்க வேண்டும் என்பதற்காக மஞ்சள் கிழங்கில் லெட் குரோமேட் பூசும் வழக்கம் வங்கதேசத்தில் 2019-இல் பெரிய அளவில் வெளிச்சத்துக்கு வந்தது. அந்த நாடு சோதனையும் தண்டனையும் கொண்டுவந்து இரண்டே ஆண்டில் அதை ஏறத்தாழ ஒழித்துவிட்டது. இந்தியாவில் ஈயத்தின் வரம்பு கிலோவுக்கு 10 மி.கி. ஈயம் நேரடி நரம்பு நஞ்சு. மூளைக்காக மஞ்சள் தின்று ஈயத்தைச் சேர்த்துக்கொண்டால் என்ன பயன்? பாலிஷ் போட்டு எலுமிச்சை மஞ்சளாக மின்னும் விரலி வேண்டாம். மங்கலான, தோல் சொரசொரப்பாக இருக்கும் பாலிஷ் போடாத விரலியை வாங்கி, கழுவிக் காயவைத்து அரைப்பது நல்லது. தளர்வாக விற்கும் தூளைத் தவிர்க்கலாம்.

நெல்லி: நாட்டு நெல்லி ஒன்று, 30 முதல் 40 கிராம், கொஞ்சம் உப்பு மிளகாய்த் தூள் தொட்டு. தேன் நெல்லி சர்க்கரைப் பாகில் ஊறியது, அதைத் தாளில் பெயர் சொல்லி விலக்குங்கள்.

கறுப்புக் கவுனி: ஒரு வேளைக்கு வேகவைக்காத அரிசியாக 40 கிராம். அதிலேயே 30 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. கவுனி என்றாலும் அரிசிதான், மற்ற சோற்றுக்குப் பதிலாக வர வேண்டும், கூடவே வரக்கூடாது. ஒரு முறை அலசிவிட்டு எட்டு மணி நேரம் ஊறவைத்தால் நீர் கத்தரிப்பூ நிறத்துக்கு வரும். அந்த நிறம்தான் ஆந்தோசயனின். அதைச் சாக்கடையில் ஊற்றிவிட்டுப் புது நீரில் வேகவைப்பதுதான் பொதுவான தவறு. ஊறிய நீரிலேயே வேகவையுங்கள், கஞ்சி வடிக்க வேண்டாம். தேங்காயும் சர்க்கரையும் போட்ட செட்டிநாட்டுக் கவுனி பண்டிகைப் பண்டம், இந்தக் கணக்கில் வராது.

கொட்டைகள்: வேர்க்கடலை, பாதாம், வால்நட் எதுவானாலும் மொத்தம் 30 கிராம், ஒரு கைப்பிடி. உப்பும் எண்ணெயும் இல்லாமல் வறுத்தது.

கிரீன் டீ: 200 மி.லி. நீருக்கு 2 கிராம் இலை. கொதித்த நீரை இரண்டு மூன்று நிமிடம் ஆறவிட்டு ஊற்றி, மூன்று நிமிடத்தில் வடிக்கவும். சாப்பாட்டோடு குடிக்க வேண்டாம், ஒரு மணி நேரம் தள்ளி. சாப்பாட்டோடு குடித்தால் இரும்பு உறிஞ்சப்படுவது குறையும். இரும்புக் குறைபாடு எச்பிஏ1சியையும் பொய்யாக உயர்த்திக் காட்டும், பிறகு தேவையில்லாமல் மாத்திரை கூடும்.

---

கிளினிக்_உணவியல்

மிக்க நன்றி. வல்லாரைக்கும் பிரமிக்கும் என்ன வித்தியாசம் என்று சொல்ல முடியுமா? ஒரே டப்பாவில் இரண்டு பெயரும் இருக்கின்றன. சிறுநீரகம் பாதித்தவர்களுக்குத் தாளில் ஏதாவது மாற்ற வேண்டுமா?

---

மருந்தியல்_ஆய்வாளர்

இரண்டும் வேறு செடி. வல்லாரைக்கு வட்ட இலை, விளிம்பில் பற்கள், நீண்ட காம்பு. நீர்ப்பிரமிக்குச் சிறிய, தடித்த, நீள்வட்ட இலை. சதுப்பில் படரும், வெள்ளையோ இளநீலமோ பூ. வடக்கே சில இடங்களில் வல்லாரையையும் பிராமி என்று விற்பதால் குழப்பம். டப்பாவில் தாவரப் பெயரைப் பாருங்கள்: சென்டெல்லா ஆசியாட்டிகா என்றால் வல்லாரை, பகோபா மொன்னியேரி என்றால் நீர்ப்பிரமி. மனிதச் சோதனைகளில் ஓரளவு பலன் தெரிந்தது பகோபாவுக்கு: தரப்படுத்திய சாறு 300 மி.கி., 12 வாரம், பெரும்பாலும் நோயற்றவர்களிடம். வயிற்றுப்போக்கு, குமட்டல் வரும். டோனெபெசில் (அல்சைமர் மருந்து) அல்லது பீட்டா பிளாக்கர் (புரொப்ரனலால் போன்றது) எடுப்பவருக்கு நாடித் துடிப்பு குறையலாம். வல்லாரைக்குச் சிந்தனைத் திறன் கூடியதாக வலுவான சான்று இல்லை. துவையலாக வாரம் இரண்டு நாள் 40 கிராம் இலை நல்ல கீரை, அவ்வளவே. வாய்க்கால் ஓரத்தில் பறித்ததை வாங்க வேண்டாம், உலோகங்களை இழுத்து வைத்துக்கொள்ளும்.

நீரிழிவு_மருத்துவர்

சிறுநீரகம் பாதித்தவர்களுக்குத் தனித் தாளே போடுங்கள். கீரையிலும் கொட்டையிலும் பொட்டாசியம் இருக்கிறது, மஞ்சள் மாத்திரை சிறுநீரில் ஆக்சலேட்டைக் கூட்டும். நட்சத்திரப் பழத்தைக் கட்டாயம் பெயர் சொல்லித் தடுங்கள். அதிலுள்ள காரம்பாக்சின் என்ற நரம்பு நஞ்சைச் சிறுநீரகம் வெளியேற்ற முடியாதபோது முதலில் நிற்காத விக்கல், பிறகு குழப்பம், வலிப்பு வரை போகும். பாதிப் பழமே சிலருக்குப் போதும்.

மருந்தாளுநர்_மதுரை

தாளின் தலைப்பகுதியில் "மூலிகை மருந்து ஏதும் எடுக்கிறீர்களா?" என்ற கேள்வியைப் போடாதீர்கள் மேடம். எல்லாரும் "இல்லை" என்றுதான் எழுதுவார்கள், ஏனென்றால் பொடியை யாரும் மருந்தாக நினைப்பதில்லை. பொடி, சாறு, கஷாயம், லேகியம், கேப்சூல் என்று ஐந்து கட்டங்கள் போட்டு டிக் அடிக்கச் சொல்லுங்கள். அதன் கீழே ஒரு வரி: "அடுத்த முறை வரும்போது டப்பாவையும் கையோடு கொண்டுவாருங்கள்."